பெல்லாந்தோ என் வீட்டுக்காரர்தான்

எனக்கு வாய் நீளம். ஆபா நகரத்துக்கு வந்து, அரியாரியா சந்தையின் ஷூ வரிசையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், மெசோமா அம்மாவிடம் வாயைக் கொடுத்தால் மீள முடியாது என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அப்பேர்ப்பட்ட வாயை என் வீட்டுக்காரரின் குழி ஓரத்தில் நின்று மூடிக்கொண்டேன். ஏன் மூடினேன் என்பதைத்தான் இப்போது சொல்ல வருகிறேன்.

அவர் பெயர் அஹமேஃபுலா. 'என் பெயர் அழியாதிருக்கட்டும்' என்று அர்த்தம். வரிசையாகப் பெண்களாகப் பிறந்து, இனிப் பிள்ளையே கிடையாது என்றிருந்த வீட்டில் கடைசியாகப் பிறந்தவர். என் மாமனார் ஆசை ஆசையாக வைத்த பெயர் அது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு இந்த மனிதர் வாழ்நாள் முழுக்க என்ன செய்தார் என்றால், வேறொருவன் பெயரை ஷூவின் அடியில் குத்திக்கொண்டிருந்தார்.

தோலை வெட்டுவது, கால் வடிவ மரக்கட்டையில் இழுத்துப் பிடிப்பது, அடி ஒட்டுவது எல்லாம் அவர் வேலை. மேல்தோலை மெஷினில் தைப்பது என் வேலை. எல்லாம் முடிந்ததும் பித்தளை அச்சு ஒன்றை அடுப்பில் காய்ச்சி அடித்தோலில் வைத்து ஓர் அழுத்து அழுத்துவார். புகை எழும்பி, 'பெல்லாந்தோ, மிலானோ' என்று எழுத்து விழும். மிலானோ எந்தத் திசையில் இருக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. பெல்லாந்தோ என்று ஒருவன் கிடையவே கிடையாது. கல்யாணமான புதிதில் லாகோஸ் மொத்த வியாபாரி, "ஏதாச்சும் இத்தாலிக்காரன் பேரு போடுப்பா, அப்பத்தான் விக்கும்" என்றான். சின்ன வயதில் தனக்கு ஞானஸ்நானம் கொடுத்த வெள்ளைக்காரப் பாதிரியாரின் பெயரைக் கொஞ்சம் திருகி இவர் உண்டாக்கியதுதான் பெல்லாந்தோ.

எங்கள் வரிசையில் எல்லோரும் அப்படித்தான். பக்கத்துக் கடை இன்வோகு 'கார்லெஸி, ரோமா' என்று குத்துவான். எதிர்க்கடையில் ஒருவன் லண்டன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, வயிற்றுப் பிழைப்பு. எங்கள் நாட்டு ஆள் தன் கல்யாணத்துக்குக் கூட ஆபா ஷூ என்று தெரிந்தால் கால் நுழைக்க மாட்டான். அதே ஷூ லாகோஸ் போய், அட்டைப் பெட்டி மாறி, பளபளப்பான கடையில் ஏறி உட்கார்ந்தால் வாயைப் பிளந்துகொண்டு வாங்குவான். வரிசைக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. யார் எதைத் தைக்கிறோம் என்று வெளியே மூச்சு விடக் கூடாது.

இவருக்கு மட்டும் உள்ளுக்குள் ஓர் அரிப்பு இருந்தது. ஒரே ஒரு ஜோடியாவது தன் பெயரோடு கடையில் இருக்க வேண்டும், யாராவது ஒருவர் அதைக் கேட்டு வாங்கிக் காலில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். வேலை முடிந்து, மரவள்ளிக் களியைக் கசப்பிலைக் குழம்பில் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது என்னிடம் சொல்வார். "அக்குடோ, நான் செத்தப்புறம் எவனாவது தன் காலைப் பாத்து, 'இது அஹமேஃபுலா'ன்னு சொல்லணும்டி." நான் சிரிப்பேன். "முதல்ல உங்க மவளோட செருப்பைத் தெச்சுக் குடுங்க, ரெண்டு வாரமா வாரு அந்து கிடக்குது" என்பேன்.

கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் ஊருக்குப் போவோம். லாகோஸிலிருந்து இவருடைய சித்தப்பா மகன் ஒபியோமா வருவான். ஃப்ரிட்ஜும் டிவியும் இறக்குமதி செய்கிறவன். பெரிய வண்டியிலிருந்து இறங்கும்போது முதலில் ஷூவைத்தான் இறக்குவான், பிறகுதான் ஆள் இறங்குவான். ஷூ எது? பெல்லாந்தோ. நான் தைத்த மேல்தோல், இவர் ஒட்டிய அடி.

"என்னண்ணே, என் ஷூவையே பாக்குறீங்க?" என்பான் எல்லோர் முன்னாலும். "ஒரிஜினல் இத்தாலி. நீங்க ஆபாவுல தட்டுற தகர டப்பா இல்ல. போட்டுப் பாக்குறீங்களா? பாவம், ஆசையா இருக்கும்ல."

இவர் பார்ப்பது உண்மைதான். அந்தத் தோல் மழையைத் தாங்கியிருக்கிறதா, ஓரத் தையல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பார். பெற்றவன் பிள்ளையைப் பார்க்கிற பார்வை அது. அந்தத் தடியனுக்கு அது பொறாமையாகத் தெரிந்தது. எனக்கு நாக்கு துடிக்கும். வாயைத் திறக்கப் போவேன், பெஞ்சுக்கு அடியில் இவர் என் காலை மிதிப்பார். "நல்லாயிருக்கு தம்பி, நல்லாப் பாத்துக்க" என்பார். அவ்வளவுதான்.

அப்புறம் டாலர் ஏறியது. ஏறியது என்றால் ஏணி வைத்தா ஏறியது, ஒரே தாவல். பசை, நூல், உள்ளே வைக்கும் பஞ்சு அட்டை எல்லாம் வெளிநாட்டிலிருந்து வருகிறவை, கைவைக்க முடியவில்லை. ஒரு நாள் மெஷினிலிருந்து நிமிர்ந்து பார்க்கிறேன், இவர் கையில் என் துணி. நீலத்தில் வெள்ளை மீன் போட்டது, ஊர்ப் பெண்களின் ஆகஸ்ட் கூட்டத்துக்கு எல்லோரும் ஒரே மாதிரி எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டு போன துணி. கத்தரிக்கோலால் கால் அளவுக்கு வெட்டிக்கொண்டிருந்தார்.

"அட பாவி மனுசா! என் துணியை என்ன பண்றீங்க?"

"உள்ளங்கால் அட்டைக்கு அடியில வெக்கிறேன்டி. பஞ்சு வாங்க முடியல."

"அடுத்த கூட்டத்துக்கு நான் என்னத்தைக் கட்டிக்கிட்டுப் போறது? உங்க தோலையா?"

"கோவிச்சுக்காத. ஊர்ப் பெரிய மனுசன் எல்லாம் உன் துணி மேல நடக்கப் போறான், பெருமைதானே" என்று சிரித்தார். நான் நூல்கண்டைத் தூக்கி எறிந்தேன். படவில்லை. படுகிற மாதிரி நான் எறிந்ததும் இல்லை.

ஆனால் அதே டாலர் ஒரு நல்லதையும் கொண்டுவந்தது. நிஜமான வெளிநாட்டு ஷூவை இனி யாராலும் வாங்க முடியாது என்று ஆனதும், இளசுகள் போனில் நம் நாட்டு சாமான், நம் ஊர்த் தோல் என்று பேச ஆரம்பித்தார்கள். ஆடை தைக்கிற பெண்கள் கடையே இல்லாமல் போனிலேயே விற்றார்கள். எங்கள் மகள் மெசோமா பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். போன் அவளுக்கு இன்னொரு கை. அவள்தான் கேட்டாள்.

"அப்பா, இன்னும் எத்தனை நாளைக்கு இத்தாலிக்காரனுக்கு வேலை செய்வீங்க? இப்ப நம்ம பேருக்குத்தான் மவுசு. நேரலை போடலாம். நீங்க பேசுங்க, நான் போனைப் பிடிக்கிறேன்."

"எனக்குப் பேச வராதும்மா."

"உங்க பேரைச் சொல்ல வருமில்ல? அது போதும்."

நானும் விடவில்லை. நான்தான் புருஷனைத் தள்ளிவிட்டேன் என்று பின்னால் பேசினவர்கள் பேசட்டும், எனக்குக் கவலையில்லை. கடை நொடித்துக்கொண்டு வருவது அவர்கள் கண்ணுக்குத் தெரிந்ததா? அந்த மனிதர் மனதில் என்ன இருந்தது என்று அவர்களுக்குத் தெரியுமா?

பித்தளை வேலைக்காரரிடம் போய்ப் புது அச்சு செய்து வாங்கி வந்தார். 'அஹமேஃபுலா, ஆபா'. துணியில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். முதல் ஷூவில் அதைக் காய்ச்சி அழுத்தியபோது புகை கண்ணில் பட்டுவிட்டது என்று துடைத்துக்கொண்டார். புகை எனக்குத்தான் நேராக வந்தது, அவர் பக்கம் போகவேயில்லை. ஒரு மேஜை நிறைய ஷூ, எல்லாம் அவர் பெயரில். அன்றைக்கு நான் கோழி அடித்துக் குழம்பு வைத்தேன்.

நேரலை நாளன்று வெள்ளைச் சட்டையும் தலையில் சிவப்புத் தொப்பியும் போட்டுக்கொண்டார். கல்யாண மாப்பிள்ளை கெட்டான். ஆரம்பத்தில் தடுமாறினார், பிறகு தோலைக் கையில் எடுத்ததும் பேச்சு தானாக வந்தது. ஒருத்தி கலபாரிலிருந்து இரண்டு ஜோடி கேட்டாள். மெசோமா போனைப் பார்த்துப் பார்த்து வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். திடீரென்று அவள் குரல் இறங்கிவிட்டது.

"என்னம்மா, படி" என்றார்.

"இது பெல்லாந்தோ மாடல்னு சொல்றாங்கப்பா."

"அப்புறம்?"

"'ஆபாக்காரன் புத்தி போகுமா, அப்பட்டமான காப்பி'ங்கறாங்க. 'திருட்டு மாடலுக்குச் சொந்தப் பேரு ஒரு கேடா'ங்கறாங்க. விடுங்கப்பா, நான் அணைச்சிடறேன்."

அவர் கையிலிருந்த ஷூவை மேஜையில் வைத்தார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. வீட்டுக்கு வேண்டிய கோபம் எல்லாம் என்னிடமே இருந்தது. போனுக்கு நேராகக் குனிந்தார்.

"ஐயா, அம்மா, நான் திருடன் இல்ல. பெல்லாந்தோன்னு ஒருத்தன் கிடையாது. பெல்லாந்தோ நான்தான். லாகோஸ்ல நீங்க காசைக் கொட்டி வாங்கறீங்களே, அது இந்த மேஜையில தெச்சது. மேல்தோல் தெச்சவ இதோ நிக்கிறா, என் பொண்டாட்டி. நீங்க சொல்ற இத்தாலி இந்தச் சந்துதான்."

கைதட்டினேன். கடைக்கு வெளியே திரும்பிப் பார்த்தால், இன்வோகு தன் கடை வாசலில் சுத்தியலோடு அசையாமல் நின்றுகொண்டிருந்தான்.

அந்தப் படம் ஒரே ராத்திரியில் நாடு முழுக்கச் சுற்றியது. யாரும் நம்பவில்லை. சிரித்தார்கள். "இத்தாலி சந்து" என்று பாட்டே கட்டினார்கள். ஒபியோமா போன் செய்து, "அண்ணே, என் ஷூவை நீங்கதான் தெச்சீங்களாமே? அப்ப என் வண்டியையும் நீங்கதான் செஞ்சீங்களா?" என்று விழுந்து விழுந்து சிரித்தான். ஆனால் லாகோஸ் வியாபாரிகள் சிரிக்கவில்லை. கடைக்கு வருகிற ஆட்கள் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஆபா சரக்கு இல்லையே?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்களாம். மறுநாளே எங்கள் வரிசைக்கு வர வேண்டிய ஆர்டர்கள் எல்லாம் நின்றன. எங்களுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும்.

வரிசை ஆட்கள் திரண்டு வந்தார்கள். வரிசைத் தலைவர் இன்வோகுதான் என்பதால் அவன் முன்னால் நின்றான். அவன் கெட்டவன் இல்லை. மெசோமா பிறந்தபோது மழையில் என்னை ஆஸ்பத்திரிக்குத் தள்ளுவண்டியில் கொண்டுபோனவன்.

"எங்க சோத்துல மண்ணை அள்ளிப் போட்டுட்டியேண்ணே" என்றான். "எனக்கு ஆறு பிள்ளைங்க. ஏழாவது வயித்துல இருக்கு. உன் பேரு உனக்கு வேணும்தான். அதுக்கு எங்க அடுப்பையா அணைப்ப?"

"உண்மையைத்தானே சொன்னாரு!" என்று நான் கத்தினேன். "உங்க எல்லாருக்கும் சேத்துதான் சொன்னாரு. நாளைக்கு நீங்களும் உங்க பேரைப் போட்டுக்கலாம்ல? ஆம்பளைங்கதானே நீங்க?"

"நாளைக்கு வரைக்கும் என்னத்தை அண்ணி திங்கிறது?" என்றான் இன்வோகு.

நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "என்ன பண்ணணும் சொல்லு" என்றார்.

மறுபடியும் போன் முன்னால் உட்கார வைத்தார்கள். மெசோமா பிடிக்க மாட்டேன் என்று அழுதுகொண்டு ஓடிவிட்டாள், வேறு எவனோ பிடித்தான். முதல் தடவை சொன்னபோது இவர் முகம் இறுகிப்போயிருந்தது. இன்வோகு மெதுவாக, "சிரிச்ச மொகமா சொல்லுண்ணே. மிரட்டிச் சொல்ல வெச்ச மாதிரி இருக்கக் கூடாது" என்றான். இவர் சிரித்தார்.

"என் பேரு அஹமேஃபுலா. நான் சொன்னது பொய். பெல்லாந்தோ இத்தாலிக் கம்பெனி. நான் அதைப் பாத்துக் காப்பி அடிக்கிறவன். எல்லாரும் மன்னிச்சிடுங்க."

ஐயோ, அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. தன் பெயரை நாடே கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்ட மனிதர், நாடே கேட்கத் தன் பெயரைச் சொல்லித் தன்னைத் திருடன் என்றார்.

வியாபாரிகள் திரும்ப வந்தார்கள். பெயர் போட்ட அந்த ஒரு மேஜை ஷூ மட்டும் அப்படியே கிடந்தது. கலபார்க்காரியும் வேண்டாம் என்றுவிட்டாள். அவ்வளவு தோலையும் பசையையும் வீணாக்க எங்களுக்கு வக்கில்லை. ஒரு காலையில் இவர் உடைந்த கண்ணாடித் துண்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஷூவை மடியில் கவிழ்த்து, அடித்தோலில் இருந்த தன் பெயரைச் சுரண்ட ஆரம்பித்தார். தோல் தூளாக உதிர்ந்து அவர் முழங்காலில் விழுந்தது.

"விடுங்க. நான் செய்றேன்" என்றேன்.

"வேணாம். உனக்குக் கை கிழிஞ்சிடும்."

ஒவ்வொன்றாகச் சுரண்டினார். சூட்டில் ஆழமாக இறங்கிய பெயர், லேசில் போகவில்லை. எவ்வளவு சுரண்டினாலும் கடைசி எழுத்தின் வால் கொஞ்சம் நின்றது. அதன் மேலேயே பழைய அச்சைக் காய்ச்சி 'பெல்லாந்தோ' என்று அழுத்தினார். எல்லாம் லாகோஸ் போயிற்று. புது அச்சைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். "எங்கயாச்சும் வெய்யி. என் கண்ணுல படாம வெய்யி" என்றார்.

அதற்குப் பிறகு அவருக்கு ரத்தக் கொதிப்பு வந்தது. மாத்திரை வாங்கிக் கொடுத்தால் சட்டைப் பையிலேயே கிடக்கும். நான் திட்டுவேன், சரி சரி என்பார். மழைக்காலம் முடிகிற சமயம், ஒரு மத்தியானம், கட்டையில் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே மேஜையில் தலையைச் சாய்த்தார். களைப்பு என்று நினைத்து, "உள்ள போய்ப் படுங்களேன்" என்றேன். இன்னொரு தரமும் சொன்னேன். அப்புறம்தான் எழுந்துபோய்த் தொட்டேன்.

சாவுச் செலவை ஒபியோமா ஏற்றுக்கொண்டான். பந்தல், மாடு, பேண்டு வாத்தியம், அஞ்சலிப் போஸ்டர் எல்லாம் அவன். போஸ்டரில் இவர் பெயரை எவ்வளவு பெரிசாகப் போட்டிருந்தார்கள் தெரியுமா? சந்தை வாசலிலும் ஒட்டியிருந்தது. அதன் முன்னால் நின்று நான் அழுத அழுகையில் வாழைப்பழம் விற்கிறவள் கூடையை விட்டுவிட்டு வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள்.

ஊர் வீட்டுக் கூடத்தில் கட்டிலை அலங்கரித்து, வெள்ளை உடுப்பு போட்டு இவரைக் கிடத்தினார்கள். காலில் புது ஷூ. ஒபியோமா லாகோஸிலிருந்து வாங்கி வந்தது. வந்தவர்களிடம் எல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தான்.

"அண்ணன் வாழ்நாள் பூரா என் ஷூவையே ஏக்கமாப் பாத்துட்டிருந்தாரு. நானும் கிண்டல் பண்ணிக்கிட்டே இருந்துட்டேன். இப்பவாச்சும் ஒரிஜினல் போட்டுக்கட்டும்."

அவன் அழுகை நிஜம்தான். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

நான் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன். என் முகத்துக்கு நேராக இரண்டு அடித்தோல்கள். 'பெல்லாந்தோ, மிலானோ'. அதைச் சுற்றிலும் தோல் பள்ளமாகச் சுரண்டியிருந்தது. ஓரத்தில் ஓர் எழுத்தின் வால்.

எழுந்து இவர் இடது காலிலிருந்து ஷூவைக் கழற்றி, விரலை விட்டு உள்ளங்கால் அட்டையைப் பெயர்த்தேன். நீலத்தில் வெள்ளை மீன். நான் சத்தம் போட்டுவிட்டேன்.

"பாருங்க! எல்லாரும் வந்து பாருங்க! இது இவர் தெச்சது! என் துணி இது! ஆகஸ்ட் கூட்டத்துக்கு நான் கட்டின துணி, உங்க எல்லார்கிட்டயும் இருக்குமே! அடியில பாருங்க, அவர் பேரைச் சுரண்டினது தெரியுது! அவர் பொய் சொல்லல. பெல்லாந்தோ அவர்தான்!"

பெண்கள் ஓடிவந்து துணியைப் பார்த்தார்கள். "ஆமா, நம்ம துணிதான்" என்றாள் ஒருத்தி. எனக்கு உயிர் வந்தது. ஒபியோமா ஷூவை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். சுரண்டிய இடத்தைத் தடவினான், மீனைத் தடவினான். அவன் முகம் சிவந்தது. இப்போது புரிந்துவிட்டது, இதோ அண்ணனின் காலில் விழப்போகிறான் என்று நினைத்தேன்.

"அப்ப இது காப்பி!" என்று கத்தினான். "அந்தத் திருட்டுப்பய என்கிட்ட ஆபா காப்பியை ஒரிஜினல்னு வித்துட்டான்! ஐயோ, என் அண்ணன் காலுக்குப் போலியைப் போட்டுட்டேனே!"

"தம்பி, போலி இல்ல. இதுதான் ஒரிஜினல். வேற ஒரிஜினலே கிடையாது."

"அண்ணி, துக்கத்துல என்னென்னமோ பேசறீங்க. அண்ணனே ஒத்துக்கிட்டாரே, காப்பி அடிச்சேன்னு. நாடே பாத்துச்சு. கழட்டுங்க அந்த இன்னொண்ணையும். என் அண்ணனை ஆபா ஷூவுல புதைக்க நான் விடமாட்டேன்."

நான் வலது காலைக் கட்டிக்கொண்டேன். கடித்தேன் என்றுகூடச் சொன்னார்கள், கடித்திருப்பேன். "அவர் பேரு இருக்குடா இதுல! சுரண்டினாலும் இருக்குடா!" என்று கதறினேன். பங்காளிகளில் மூத்தவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மாடு வாங்கினவன் பேச்சைக் கேக்கணும்மா. அவன் அண்ணனுக்கு நல்லதுதானே செய்யறான்" என்றார். பெண்கள் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். ஷூவைக் கழற்றி மூலையில் எறிந்தார்கள். வெறுங்காலோடு இவரைப் பார்க்கச் சகிக்கவில்லை. மெசோமா ஓடிப்போய் அந்த ஜோடியை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

ஒபியோமாவின் டிரைவர் உமுவாஹியா டவுனில் பெரிய கடைக்குப் போய் வேறு வாங்கி வரும்வரை பாதிரியார், பேண்டுக்காரர்கள் எல்லோரும் வெயிலில் காத்திருந்தார்கள். வந்தது. ஒபியோமா தன் கையாலேயே போட்டுவிட்டான். நான் பார்க்கவில்லை. பெட்டியை மூடுவதற்கு முன் ஒரு தடவை பாருங்கள் என்று என்னை அழைத்தார்கள். அப்போதுதான் பார்த்தேன். அடியில் 'கார்லெஸி, ரோமா'.

நிமிர்ந்தேன். எதிரே, ஷூ வரிசையிலிருந்து வந்த ஆட்களோடு இன்வோகு நின்றிருந்தான். அவனும் பார்த்துவிட்டான். அவன் வாய் திறந்து திறந்து மூடியது.

குழிக்குள் பெட்டியை இறக்கி, மண் போடச் சொன்னார்கள். இன்வோகு கைநிறைய மண்ணோடு என் பக்கத்தில் வந்து நின்றான். மண் விரல் வழியே உதிர்ந்துகொண்டிருந்தது.

"அண்ணி," என்றான், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "அண்ணன் கால்ல இருக்கறது என் ஷூ."

"தெரியும்."

"நான் சொல்லிடறேன் அண்ணி. இப்பவே எல்லார் முன்னாலயும் சொல்லிடறேன். என்ன ஆனாலும் ஆகட்டும். நான்தான் அண்ணனை அப்படிச் சொல்ல வெச்சேன்."

அவன் முகத்தைப் பார்த்தேன். அவனுடைய ஏழாவது பிள்ளையை அவன் பெண்டாட்டி முதுகில் துணியால் கட்டிக்கொண்டு மாமர நிழலில் நின்றாள். அந்தப் பிள்ளை எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. ஒபியோமா குழியின் தலைமாட்டில் நின்று, நெஞ்சில் கை வைத்துத் திருப்தியாக அழுதுகொண்டிருந்தான்.

"சும்மா இரு" என்றேன். "நீ சொன்னா ஒபியோமா பெட்டியைத் தூக்கி இதையும் கழட்டுவான். அவர் வெறுங்காலோட போகணுமா? சும்மா இருப்பா. மண்ணைப் போடு."

இன்வோகு மண்ணைப் போட்டான். போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். கூட்டாளி மேல் எவ்வளவு பாசம் பார் என்று ஊரார் பேசிக்கொண்டார்கள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

ஆபாவுக்குத் திரும்பிய பிறகு, ஒரு நாள் மெசோமா அந்த ஜோடியை என் மெஷின் மேல் வைத்தாள். கையில் துணியில் சுற்றிய புது அச்சு. நான் ஒளித்து வைத்த இடம் அவளுக்கு எப்படித் தெரிந்ததோ.

"அம்மா, அடுப்பைப் பத்த வெக்கிறேன். அப்பா பேரைத் திரும்ப இதுல போட்டுடலாம். இந்த ஒரு ஜோடியாவது இருக்கட்டும்."

ஷூவைக் கவிழ்த்து அடித்தோலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். அவர் சுரண்டிய இடம் உள்ளே போய் வந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தோல் வழியே பின்னால் இருந்த மீன் துணியின் நீலம் லேசாகத் தெரிந்தது.

"வேணாம்மா" என்றேன். "அப்பா ரொம்பச் சுரண்டிட்டாரு. இன்னொரு தரம் சூடு வெச்சா ஓட்டை விழுந்துடும்."

அவள் அடுப்பைப் பற்ற வைக்கவில்லை.